சொற்களின் வமிசாவளி: ஆங்கிலச் சொல்வளமும் நம் முன்னோரின் கல்வி வழியும்

 

கடம்பத்தூர் வழியாகச் செல்லும் இருப்புப்பாதை தென்னிந்தியாவிலேயே மிகப் பழையது. 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட முதல் ரயில் பாதை, திருவள்ளூரையும் அரக்கோணத்தையும் இணைத்துக்கொண்டு இம்மண்ணைக் கடந்துதான் சென்றது. அந்த வண்டியோடு டிக்கெட், சிக்னல், கேட், கார்டு எனப் பல ஆங்கிலச் சொற்களும் நம் வட்டாரத்தில் வந்து இறங்கின. அவற்றை எவரும் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யவில்லை. மூட்டை தூக்கியவரும் காய்கறி விற்றவரும் பயன்படுத்திப் பயன்படுத்தியே அவற்றைத் தம் சொற்களாக்கிக் கொண்டனர்.

இன்று அதே வட்டாரத்தில் நிலைமை வேறு. காக்களூர் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகள் டிப்ளமோ முடித்திருக்கிறார்கள். இயந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்திருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேசியதும் நாவு ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து, முப்பது நாளில் சொல்வளம் பெருகும் என்று அட்டையில் எழுதப்பட்ட புத்தகம் ஒன்றை வாங்குகிறார்கள். அகர வரிசையில் ஆயிரக்கணக்கான சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ்ப் பொருள். இரண்டாவது வாரத்தில் முதல் வாரச் சொற்கள் மறந்துபோகின்றன. மூன்றாவது வாரத்தில் புத்தகம் அலமாரிக்குப் போகிறது. "இவனுக்கு இங்கிலீஷ் வராது" என்று வீட்டில் தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது.

இந்தத் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. குறை பிள்ளையின் அறிவில் இல்லை, கற்கும் வழியில் இருக்கிறது. ஹதீஸுக்கு அறிவிப்பாளர் தொடர் இருப்பதைப் போலவும், மனிதருக்கு நசபு இருப்பதைப் போலவும் சொல்லுக்கும் ஒரு வமிசாவளி உண்டு. அந்த உறவைப் பிடித்துக்கொண்டு கற்றால் உயர்நிலை ஆங்கிலச் சொற்களும் வசப்படும். உறவறுத்துத் தனித்தனியே கற்றால் நிலைக்காது. மத்ரஸாக்களில் நம் உஸ்தாதுமார் அரபியைக் கற்பித்த வழியும் இதுவே. இதற்கான சான்றுகள் வரலாற்றில் நிறையவே கிடைக்கின்றன.

முதலில் ஒரு பழைய தயக்கத்தைக் கடந்து செல்வோம். ஆங்கிலம் கற்பது மார்க்கத்துக்கு இழுக்கு என்ற எண்ணம் இன்றும் சில மூத்தோரின் பேச்சில் எட்டிப் பார்ப்பதுண்டு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்ததும், அவர் அரை மாத காலத்தில் அதைக் கற்றுத் தேர்ந்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. பிறரோடு நடக்கும் கடிதப் போக்குவரத்தில் ஏமாறாதிருக்க அம்மொழி தேவைப்பட்டது. மனிதர்களின் மொழிகள் வேறுபட்டிருப்பதையே தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தில் எடுத்துரைக்கிறான். டில்லியின் பேரறிஞர் ஷாஹ் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் 1824இல் மறைந்தார்கள். ஆங்கிலம் கற்பது ஆகுமானது என்று அவர்களே ஃபத்வா வழங்கியிருந்தார்கள்.

ஆயினும் வரலாறு அந்த ஃபத்வாவின் வழியில் செல்லவில்லை. 1835இல் கம்பெனி அரசு ஆங்கிலக் கல்வியைத் தன் கொள்கையாக்கியபோது, மத்ரஸாக் கல்விக்கு ஆபத்து என்று கல்கத்தா முஸ்லிம்கள் சுமார் 8,000 பேர் கையெழுத்திட்டு விண்ணப்பம் அளித்தனர். 1837இல் அலுவல் மொழியாக இருந்த பார்ஸி தன் இடத்தை இழந்தது. அதுவரை நீதிமன்றத்திலும் வருவாய்த் துறையிலும் நம்மவர் கையிலிருந்த சொற்கள் ஒரே தலைமுறையில் செல்லாக் காசாயின. அந்த விண்ணப்பத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது. அவர்கள் அஞ்சியது மொழியைக் கண்டன்று, மொழியோடு வந்த ஆட்சியைக் கண்டு. ஆனால் விலகி நின்றதற்கான விலையை அவர்களின் பேரப்பிள்ளைகள் கொடுத்தார்கள் என்பதும் உண்மையே.

அந்த இடைவெளியை அடைக்க முன்வந்தவர்களுள் இலங்கையின் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை குறிப்பிடத்தக்கவர். வழக்கறிஞரான அவர் 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் இதழைத் தொடங்கி, ஆங்கிலமும் கற்க வேண்டும், தமிழையும் அரபியையும் கைவிடவும் கூடாது என்று எழுதி வந்தார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் கொழும்பு வந்த ஒராபி பாஷாவின் ஊக்கமும் வாப்பிச்சி மரைக்காரின் உழைப்பும் சேர்ந்து, 1892இல் மருதானையில் ஸாஹிரா கல்லூரிக்கு வித்திட்டன. தமிழகத்தில் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951இலும் எழுந்தன. இவ்வரலாறு நம் வாசகர்கள் பலரும் அறிந்ததே. ஆகவே ஆங்கிலச் சொற்களின் பக்கம் திரும்புவோம்.

ஆங்கிலத்தில் எளிய சொல்லுக்கும் உயர்நிலைச் சொல்லுக்கும் இடையே ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி? அரசனைக் குறிக்கும் சொல் 'கிங்'. அரசனுக்குரியது என்று சொல்ல 'கிங்லி' என்றும், 'ராயல்' என்றும், 'ரீகல்' என்றும் மூன்று சொற்கள் இருக்கின்றன. முதலாவது மண்ணின் பழைய சொல். இரண்டாவது பிரெஞ்சு வழி வந்தது. மூன்றாவது நேரே இலத்தீனிலிருந்து எடுத்தது. 1066இல் பிரெஞ்சு மொழி பேசிய நார்மன்கள் இங்கிலாந்தை வென்று ஆட்சியில் அமர்ந்தனர். அரசவை, நீதிமன்றம், விருந்து மேசை ஆகியவற்றின் சொற்கள் பிரெஞ்சிலிருந்து வந்தன. தொழுவத்தில் மாட்டை மேய்த்தவன் அதனை 'கவ்' என்றான். மேசையில் அதன் இறைச்சியை உண்டவன் 'பீஃப்' என்றான். தொழுவத்தில் 'ஷீப்', மேசையில் 'மட்டன்'. பின்னர் கல்வியாளர்கள் இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் மேலும் ஆயிரக்கணக்கான சொற்களை வருவித்துக் கொண்டார்கள்.

ஆகவே உயர்நிலை ஆங்கிலம் என்பது பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே ஒரு காலத்தில் அந்நியமாக இருந்த ஆங்கிலம். அவர்களின் பிள்ளைகளும் அதைப் பள்ளியில்தான் கற்கிறார்கள். இதை நம் பிள்ளைகளிடம் எடுத்துச் சொன்னாலே பாதி அச்சம் அகலும் என்பது எம் அனுபவம்.

அவ்வாறு வெளியிலிருந்து வந்த சொற்களுள் கணிசமானவை அரபியிலிருந்து சென்றவை. ஸ்பெயினின் டொலேடோ நகரில் 12ஆம் நூற்றாண்டில் அரபு நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டன. சிசிலித் தீவிலும் இத்தாலியத் துறைமுகங்களிலும் வணிகர் வாய்வழியே மேலும் பல சொற்கள் கடந்து சென்றன. அல்ஜீப்ரா என்பது அல்குவாரிஸ்மியின் நூற்பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்பதும், கணினித் துறையினர் நாள்தோறும் உச்சரிக்கும் அல்காரிதம் அவர் பெயரின் சிதைவு என்பதும் பலருக்கும் தெரியும். அதிகம் அறியப்படாத சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

வெறுமை என்னும் பொருளுடைய 'ஸிஃப்ர்' என்ற அரபுச் சொல்லை நோக்குங்கள். இந்தியாவில் பிறந்த எண்முறையை அரபுலகம் கற்று, மேற்கே கொண்டு சென்றது. வட ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் இளமையில் அதைக் கற்ற பீசா நகரத்து ஃபிபனாச்சி, 1202இல் எழுதிய தம் கணித நூலில் ஸிஃப்ரை இலத்தீன் வடிவில் தந்தார். அதுவே சுருங்கி 'ஸீரோ' ஆயிற்று. அதே ஸிஃப்ர் வேறொரு வழியில் 'சைஃபர்' ஆகி, பூச்சியத்தையும் பின்னர் மறைகுறி எழுத்தையும் குறித்தது. மறைகுறியை அவிழ்ப்பது 'டிசைஃபர்'. போட்டித் தேர்வுப் புத்தகங்களில் கடினச் சொல் என்று குறிக்கப்படும் டிசைஃபர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அறிந்த ஸீரோவின் உடன்பிறப்பு! இவ்வுறவைத் தெரிந்துகொண்ட பிள்ளை இரண்டையும் மறப்பதில்லை.

மரைக்காயர்களின் கடல் வணிகத்தை நினைவூட்டும் சொல்லொன்றும் உண்டு. சரக்குக்கு நேரும் சேதத்தை அரபியில் 'அவார்' என்பர். புயலில் கப்பலைக் காப்பாற்றச் சரக்கின் ஒரு பகுதியைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த நஷ்டத்தைச் சரக்கு உரிமையாளர் அனைவரும் விகிதப்படி பங்கிட்டுக்கொள்வது துறைமுக வழக்கம். இத்தாலியத் துறைமுகங்களில் 'அவாரியா' என்று வழங்கிய அச்சொல்லே ஆங்கிலத்தில் 'ஆவரேஜ்' ஆயிற்று என்பது சொல்லறிஞர் பலரின் கருத்து. பங்கிட்ட நஷ்டத்தைக் குறித்தது, பிற்காலத்தில் எல்லாக் கணக்கிலும் சராசரியைக் குறிக்கலாயிற்று. மரைன் இன்சூரன்ஸ் துறையில் இன்றளவும் ஆவரேஜ் என்றால் கடற்சேதம் என்றே பொருள்.

'மகஸீன்' என்பது சேமிப்பிடங்களைக் குறிக்கும் 'மகாஸின்' என்ற சொல். துப்பாக்கியில் தோட்டா வைக்கும் பகுதிக்கு அப்பெயர் வந்தது இதனால்தான். 1731இல் லண்டனில் ஒருவர் தம் பருவ இதழைப் பல செய்திகளின் பண்டகசாலை என்னும் பொருளில் மகஸீன் என்று அழைக்க, அதுவே எல்லா இதழ்களுக்கும் பொதுப்பெயராயிற்று. இச்சொல்லின் வேரான கா, ஸா, நூன் என்ற மூன்று எழுத்துகளிலிருந்தே நம் தாலுகா அலுவலகத்துக் 'கஜானா'வும் பிறந்தது. மின்கட்டண அட்டையில் காணும் 'டாரிஃப்' என்பது 'தஃரீஃப்', அதாவது அறிவித்தல். மஃரிஃபத், ஆரிஃப் என்ற சொற்களை அறிந்த நம் வீட்டார் அந்தக் கட்டண அட்டையை இனி வேறு கண்ணோடு பார்க்கலாம்.

'ஸோஃபா' என்ற சொல்லோ நம்மை மஸ்ஜிதுந் நபவிக்கே அழைத்துச் செல்கிறது. அது துருக்கி மொழி வழியே ஐரோப்பாவுக்குச் சென்ற 'ஸுஃப்பா', அதாவது திண்ணை. நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் நிழலிட்ட திண்ணை ஒன்றில் தங்கி, வறுமையோடு கல்வி பயின்றவர்கள் அஹ்லுஸ் ஸுஃப்பா என்று பெயர் பெற்ற தோழர்கள். அபூ ஹுரைரா (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். அச்சொல் இன்று மெத்தை இருக்கைக்குப் பெயராகிவிட்டது.

எம் மக்தபில் மஃரிபுக்குப் பின் ஓத வரும் சிறுமி ஒருத்தி, "ஹஜ்ரத், எங்க அத்தா கம்பெனியில காலிபிரேஷன் வேலைன்னு சொல்றாங்க, அப்படின்னா என்ன?" என்று கேட்டாள். அளவுக்கருவி சரியாக அளக்கிறதா என்று மூல அளவோடு ஒப்பிட்டுத் திருத்துவது காலிபிரேஷன். பீரங்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறித்த 'காலிபர்' என்ற சொல்லிலிருந்து அது வந்தது. அந்தக் காலிபரோ, அச்சு எனப் பொருள்படும் 'காலிப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் முடிவு. செருப்புத் தைப்பவர் தோலைப் பொருத்தும் அச்சுக்கட்டையும் காலிப் என்றே அழைக்கப்பட்டது. அத்தாவின் தொழிற்சாலைச் சொல் தன் ஓதல் புத்தகத்து மொழியில் பிறந்தது என்று கேட்ட அச்சிறுமி, மறுநாள் அவருடைய அடையாள அட்டையிலிருந்து மேலும் மூன்று ஆங்கிலச் சொற்களை எழுதி எடுத்து வந்தாள். அம்மூன்றில் ஒன்றுகூட அரபி இல்லை. அதனால் அவளுடைய ஆர்வம் குறையவும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வேரை அறிவது பொருளை அறிவதற்குத் துணை, வேரே பொருளாகிவிடாது. 'அல்குஹ்ல்' என்பது கண்ணுக்கு இடும் சுர்மா. நுண்பொடியைக் குறித்த அச்சொல், பின்னர் வடித்தெடுத்த சாரத்தைக் குறித்து, இறுதியில் 'ஆல்கஹால்' ஆயிற்று. சுர்மா இடுவது சுன்னத்து என்பதால் ஆல்கஹாலின் கதி என்னவென்று மாணவன் ஒருவன் குறும்பாகக் கேட்டதுண்டு. சொல் பிறந்த இடத்தைக் கொண்டு சட்டம் சொல்வதற்கில்லை என்பதை அன்றே அவனுக்கு விளக்கிவிட்டோம். மேலும், எல்லாம் எங்களிடமிருந்தே போயிற்று என்று பெருமை பேசுவதும் கல்வியாகாது. 'ஷுகர்' அரபியின் 'ஸுக்கர்' வழிச் சென்றது. ஸுக்கரோ இந்தியாவின் சர்க்கரையிலிருந்து பெற்றது. கொடுத்தவரும் ஒரு காலத்தில் வாங்கியவரே.

தமிழும் தன் பங்கை அளித்திருக்கிறது. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று; சுருட்டு 'செரூட்' ஆயிற்று; மிளகுத்தண்ணீர் 'மல்லிகாட்டானி' என்ற சூப்பாக ஆங்கிலேயர் மேசைக்கு ஏறியது. அணைக்கட்டு பொறியியல் நூல்களில் 'ஆனிகட்' என்று நின்றது. நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கே உரிய பெருமை ஒன்றும் இதில் உண்டு. டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய பழவேற்காடு, மரக்கலம் ஓட்டிய முஸ்லிம்களும் நெசவாளர்களும் வாழ்ந்த துறைமுகம். அங்கிருந்து சென்ற வண்ணக் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு ஆங்கிலத்தில் 'புல்லிகேட்' என்றே பெயர் வழங்கியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கைத்தறியாளர்கள் அதைப் போலச் செய்து, தங்கள் துணியையும் புல்லிகேட் என்றே விற்றனர். பழவேற்காட்டை ஒருமுறையும் பார்த்திராத கிளாஸ்கோ நெசவாளி அவ்வூர்ப் பெயரைச் சொல்லிப் பிழைத்தான். பெரிய ஆங்கில அகராதிகளில் அச்சொல் இன்றும் இருக்கிறது.

இத்தகைய சொற்களையெல்லாம் திரட்டிய அகராதி ஒன்று 1886இல் லண்டனில் வெளிவந்தது. தொகுத்தவர் இருவர்: ஹென்றி யூல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெல். பர்னெல் நூலைக் காணாமலே 1882இல் இறந்துவிட்டார். நூலின் பெயர் 'ஹாப்சன் ஜாப்சன்'. யாரோ இரு துரைமாரின் பெயர் போலத் தோன்றும் இது, உண்மையில் முஹர்ரம் ஊர்வலத்தில் "யா ஹஸன், யா ஹுஸைன்" என்று எழுந்த குரல் ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் விழுந்த விதம். கேட்டதைத் தமக்குத் தெரிந்த ஒலியில் திரித்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைச் சற்றுத் திரித்து உச்சரிக்கும்போது சிரிப்பவர்கள் இந்நூலின் பெயரை நினைத்துக்கொள்ளட்டும்.

சொற்களைத் தேடித் தொகுக்கும் கலையில் நம் அறிஞர்கள் முன்னோடிகள். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் பின் அஹ்மத் (ரஹ்) அவர்களின் 'கிதாபுல் ஐன்' அரபியின் முதல் அகராதியாகக் கருதப்படுகிறது. அவர் சொற்களை அலிஃப், பா என்ற வரிசையில் அடுக்கவில்லை. எழுத்தின் ஒலி பிறக்கும் இடத்தைக் கொண்டு, தொண்டையின் அடியிலிருந்து உதடு வரை வரிசைப்படுத்தினார். அதற்கும் மேலாக, ஒரு வேரின் எழுத்துகளை இடம் மாற்றி மாற்றி அமைத்து, எவ்வடிவம் வழக்கில் உண்டு, எது இல்லை என்று கணக்கிட்டார். சொற்களைக் குவியலாகப் பார்க்காமல் குடும்பமாகப் பார்த்த பார்வை அது.

அப்பார்வையின் உச்சம் 'தாஜுல் அரூஸ்'. அதை எழுதியவர் முர்தழா ஸபீதி (ரஹ்) அவர்கள். 1732இல் நம் இந்தியாவின் பில்கிராமில் பிறந்து, யமனில் கற்று, கெய்ரோவில் வாழ்ந்து, 1791இல் கொள்ளை நோயில் மறைந்தவர். அரபு மண்ணில் பிறவாத ஒருவர் அரபியின் மாபெரும் அகராதியை எழுதினார்! அந்நூலையே அடிப்படையாகக் கொண்டு எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதையும் செலவிட்டு அரபு ஆங்கிலப் பேரகராதியைத் தொகுத்தார். அதன் முதற்பகுதி 1863இல் வந்தது. லேன் கெய்ரோவில் ஷெய்கு ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு, வரி வரியாகக் கேட்டுக் கற்றவர். பிறமொழியின் சொல்வளத்தை அடைவதற்கு அவரும் குறுக்குவழி எதையும் கண்டறியவில்லை.

ஸர்ஃபு பாடம் படித்த எந்த மாணவரும் இம்முறையை அறிவார். ஐன், லாம், மீம் என்ற மூன்றெழுத்தைப் பிடித்தால் இல்மு, ஆலிம், உலமா, முஅல்லிம், தஃலீம், மஃலூம் எல்லாம் ஒரு கொத்தாகக் கைக்கு வரும். ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்களிலும் இலத்தீன் வேர்கள் ஏறத்தாழ இவ்வாறே இயங்குகின்றன. பார்த்தல் எனப் பொருள்படும் 'ஸ்பெக்ட்' என்ற வேரைக் கவனியுங்கள். உள்ளே பார்ப்பது இன்ஸ்பெக்ட். பின்னோக்கிப் பார்ப்பது ரெட்ரோஸ்பெக்ட். முன்னே தெரிவது ப்ராஸ்பெக்ட். ஒருவர் நின்று பார்க்கும் கோணம் பெர்ஸ்பெக்டிவ். சொல்லுதல் எனப் பொருள்படும் 'டிக்ட்' என்பதிலிருந்து, முன்கூட்டிச் சொல்வது பிரெடிக்ட், எதிர்த்துச் சொல்வது காண்ட்ரடிக்ட், உண்மையுரைக்கும் தீர்ப்பு வெர்டிக்ட், சொற்களின் திரட்டு டிக்‌ஷனரி. இன்ஸ்பெக்‌ஷன் என்ற சொல்லைத் தினமும் தொழிற்சாலையில் கேட்கும் இளைஞர், அக்குடும்பத்தின் வாசலில் ஏற்கெனவே நிற்கிறார். உள்ளே நுழையத்தான் எவரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அரபியைப் போல் ஆங்கிலம் முழுமையும் வேர்க்கட்டுக்குள் அடங்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பெட், கெட், புட் போன்ற சிறு சொற்களுக்கு இது உதவாது. அவை பழகப் பழகவே வரும்.

சரி, எத்தனை சொற்கள் வேண்டும்? எவற்றை முதலில் கற்பது? இக்கேள்விக்கான விடையைத் தேடியவர் மைக்கேல் வெஸ்ட். அவர் தேடிய இடம் லண்டனன்று, டாக்கா. அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவர், 1920களில் வங்காளத்து மாணவர்களின் வகுப்பறைகளைக் கூர்ந்து கவனித்தார். பெரும்பாலான பிள்ளைகள் வறுமையால் இடையிலேயே படிப்பை நிறுத்திவிடுகின்றனர். பத்தாண்டு படித்தால் மட்டுமே பயன்தரும் ஆங்கிலப் பாடம், நான்காண்டில் நின்றுவிட்டவனுக்கு எதைத் தருகிறது? இன்சூரன்ஸ் பாலிசியை இடையில் ஒப்படைத்தாலும் கட்டிய பணத்துக்கு ஒரு தொகை கிடைப்பதுபோல, எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் மாணவன் கையில் பயனுள்ள ஏதோவொன்று மிஞ்ச வேண்டும் என்று அவர் வாதிட்டார். அக்காலப் பாடநூல்களில் அரிதான சொற்கள் நெருக்கமாக வந்து குவிந்தன; ஒருமுறை வந்த சொல் மறுமுறை தலைகாட்டவே இல்லை. அவர் அரிய சொற்களை நீக்கி, அதிகம் வழங்கும் சொற்களை வைத்து, இடைவெளி விட்டுப் புதுச்சொல் வருமாறும், வந்த சொல் திரும்பத் திரும்ப வருமாறும் வாசகங்களை எழுதினார். 1935இல் வெளியான அவருடைய அகராதி ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்குவதற்கு 1,490 எளிய சொற்களை மட்டுமே பயன்படுத்தியது. 1953இல் அவர் வெளியிட்ட பொதுவழக்குச் சொற்பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள் இடம்பெற்றன.

இன்று உலகமெங்கும் கற்போர் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் கதையும் இத்தகையதே. ஏ. எஸ். ஹார்ன்பி அதை ஜப்பானிய மாணவர்களுக்குக் கற்பித்த அனுபவத்தில் தொகுத்தார். 1942இல் டோக்கியோவில்தான் அது முதலில் அச்சானது. 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் அவரில் காக்ஸ்ஹெட் என்ற பெண் ஆய்வாளர், 35 இலட்சம் சொற்கள் கொண்ட கல்விநூற் பகுதிகளை அலசினார். வெஸ்டின் 2,000 சொற்களுக்கு அப்பால், கல்லூரிப் பாடநூல் எதிலும் திரும்பத் திரும்ப வருபவை 570 சொற்குடும்பங்களே என்று கண்டார். கல்விநூலின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை அவையே நிரப்புகின்றன.

பிள்ளைகளின் படிப்புக்காக ஓவர்டைம் பார்க்கும் பெற்றோர் இவ்வெண்களைக் கவனிக்க வேண்டும். அடிப்படைக்கு 2,000, அதற்குமேல் 570 குடும்பங்கள். நாளொன்றுக்கு இரண்டு குடும்பம் என்றால், அந்த 570ஐ ஓராண்டுக்குள் முடித்து, எஞ்சிய நாட்களைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஒதுக்கலாம். குர்ஆனை ஹிஃப்ழு செய்யும் பிள்ளை அன்றைய ஸபக்கை மட்டும் ஓதிவிட்டுப் போவதில்லை. அண்மைய பாடத்தையும் பழைய ஜுஸ்உகளையும் நாள்தோறும் தவ்ரு செய்கிறது. திருப்பாத பாடம் நழுவிவிடும் என்பதை ஹாஃபிழ்களின் வீட்டாருக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. முப்பது நாள் புத்தகங்களில் இல்லாதது இந்தத் தவ்ருதான்.

நம் ஜமாஅத்தில் வீட்டில் தமிழ் பேசுவோரும் உண்டு, உருது பேசுவோரும் உண்டு. இருசாராரின் பிள்ளைகளும் ஓதுவது அரபி, பள்ளியில் எழுதுவது ஆங்கிலம். மூன்று மொழிகளின் சொற்கள் ஏற்கெனவே அவர்கள் நாவில் புழங்குகின்றன. இதைச் சுமையென்று கருதி, வீட்டில் இனி ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்று சில பள்ளிகள் அறிவுறுத்துகின்றன. நாம் இதற்கு உடன்படுவதற்கில்லை. ஒரு சொல் போனால் என்ன ஆகும் என்பதை அர்வி எனப்படும் அரபுத்தமிழின் கதையில் பார்த்துவிட்டோம். தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் புதிய குறிகளை அமைத்து, மார்க்கச் சட்டம் முதல் மருத்துவம் வரை எழுதி வைத்தனர் நம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்களை நம் பாட்டிமார் சரளமாக ஓதினார்கள். இன்று அந்த ஏட்டைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடிய பிள்ளை ஊருக்கு ஒன்று தேறுவதும் அரிது. ஆங்கிலம் வந்ததால் அர்வி போனது என்று சொல்வது அரைகுறை உண்மை. அச்சுத் தமிழ் பரவியதும் அதற்குக் காரணம். ஆனால் ஒன்றை ஏற்கும்போது மற்றொன்றை இறக்கி வைத்தாக வேண்டும் என்ற எண்ணம் அதை விரைவுபடுத்தியது.

எம் மக்தபில் இவ்வாண்டு முதல் மூத்த பிள்ளைகள் நான்கு பத்தியுள்ள நோட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். முதல் பத்தியில் ஆங்கிலச் சொல். இரண்டாவதில் அதன் குடும்பம். மூன்றாவதில் தமிழிலோ உருதுவிலோ அரபியிலோ அதற்கு உறவான அல்லது இணையான சொல். நான்காவதில் அன்று அவர்களே அமைத்த வாக்கியம் ஒன்று. மூன்றாம் பத்தி பல நாள் வெறுமையாகவே இருக்கும்; அதனால் குற்றமில்லை. நான்காம் பத்தி வெறுமையாக இருந்தால் அச்சொல்லைக் கற்றதாகக் கணக்கில் கொள்வதில்லை. வியாழக்கிழமை புதுச்சொல் கிடையாது, தவ்ரு மட்டும். சென்ற வாரம் எழுதிய சொற்கள் டிசைஃபர், இன்ஸ்பெக்‌ஷன், ஆவரேஜ், வெர்டிக்ட். இவ்வாரம் அவர்களாகவே தேடி வந்து கேட்டது 'ஆர்ஸனல்'. தொழிற்கூடம் எனப் பொருள்படும் 'தாருஸ் ஸினாஆ' என்பதன் திரிபு அது. முதலில் கப்பல் கட்டும் இடத்தைக் குறித்து, பின்னர் ஆயுதக் கிடங்கைக் குறித்தது. நோட்டைக் கொண்டுவந்த பையன் அதைக் கால்பந்துக் குழுவின் பெயராக மட்டுமே அறிந்திருந்தான்.